தானியப் பயிர்களின் பூஞ்சை நோய்களும் மரபணுக்களும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பயிர் நோய்ப் பாடம் நடத்தத் தொடங்கியதிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வகுப்பில் சிலர் கேட்பார்கள். கூச்சப்படுகிறவர்கள் வகுப்பு முடிந்ததும் வாசலில் நிறுத்திக் கேட்பார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நெல், கோதுமை, வாற்கோதுமை, மக்காச்சோளம், ஓட்ஸ் எல்லாமே புல் குடும்பம்தான். அதனால் ஒரு பயிரில் தெரிந்துகொண்ட விஷயம் பெரும்பாலும் இன்னொன்றையும் புரியவைக்கும்.

கண்ணுக்கே தெரியாத ஒரு வித்து எப்படி இலையைத் துளைக்கிறது?

நெல்லின் குலை நோயை எடுத்துக்கொள்வோம். அதை உண்டாக்கும் பூஞ்சையின் பெயர் மேக்னபோர்த்தே ஒரைசே. அதன் வித்தை, அதாவது பூஞ்சை பரவ உதவும் நுண்துகளை, ஒரு சொட்டு நீரோடு பிளாஸ்டிக் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் வைத்தால், பேரிக்காய் வடிவத்தில் மூன்று அறைகளோடு தெரியும். இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முனையிலிருந்து மெல்லிய குழல் நீள்கிறது. பிளாஸ்டிக் நீரை ஒட்டவிடாத பரப்பு என்பதால் பூஞ்சை அதை இலை என்றே எடுத்துக்கொள்கிறது. குழலின் நுனி நின்று, வளைந்து, உருண்டையாக வீங்கும். மெலனின் படியப் படிய அந்த உருண்டை தேன் நிறமாகி, பிறகு கருக்கும். ஒரே இரவில் நடந்துவிடுகிற இந்த வேலையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அந்தக் கறுப்பு உருண்டைதான் துளைக்கும் கருவி. உள்ளே கிளிசரால் சேரச் சேரத் தண்ணீர் புகுந்து அழுத்தம் ஏறும். மெலனின் பூச்சு கிளிசராலை வெளியே கசியவிடாது. அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை போகிறது. கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய 40 மடங்கு. அந்த விசையில் ஒரு நுண்முளை இலைத் தோலைக் குத்தி உள்ளே இறங்குகிறது. இவ்வளவையும் முடுக்கிவிடுவது பிஎம்கே1 என்ற மரபணு. 1996இல் அதை நீக்கிப் பார்த்தபோது, பூஞ்சை வளர்ந்தது, வித்தும் விட்டது. ஆனால் அந்த உருண்டையை உண்டாக்க முடியவில்லை, நோயும் வரவில்லை. டிரைசைக்ளசோல் என்ற மருந்து வேலை செய்வதும் இந்த இடத்தில்தான்: மெலனின் உருவாவதை அது தடுக்கிறது.

எல்லாப் பூஞ்சையும் இப்படித்தான் தாக்குமா?

இல்லை. துரு நோய், சாம்பல் நோய்ப் பூஞ்சைகளுக்கு உயிருள்ள செல்தான் வேண்டும். செல் செத்தால் அவையும் பட்டினி. இன்னொரு கூட்டம் முதலில் நஞ்சால் செல்லைக் கொன்றுவிட்டுப் பிணத்தைத் தின்னும். குலை நோய்ப் பூஞ்சை இரண்டுக்கும் நடுவில்: முதல் சில நாள் உயிருள்ள செல்லில் சத்தமில்லாமல் குடியிருக்கும், அப்புறம் கொல்லும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கேள்விகள் பலவற்றுக்கு இது தேவைப்படும்.

செடிக்கு ரத்தமும் இல்லை, வெள்ளை அணுவும் இல்லை. அப்புறம் எதைக் கொண்டு எதிர்க்கிறது?

ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. காவல் இரண்டு அடுக்கு. வெளி அடுக்கில், செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் பூஞ்சைச் சுவரின் கைட்டின் துண்டுகளை அடையாளம் காண்கின்றன. நெல்லில் செபிப் என்ற புரதம் இந்த வேலையைச் செய்கிறது. பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. குலை நோய்ப் பூஞ்சை எஸ்எல்பி1 என்ற புரதத்தைச் சுரந்து, அந்தத் துண்டுகளை செபிப்புக்கு முன்னால் தானே பிடித்து மறைத்துவிடுகிறது. இப்படிச் செடியை ஏமாற்றவோ முடக்கவோ பூஞ்சை அனுப்பும் புரதங்களை எஃபெக்டர் என்கிறோம்.

செல்லுக்குள் இருப்பது இரண்டாவது அடுக்கு. எதிர்ப்பு மரபணு என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை இந்த உள்காவல் புரதங்களுக்கான மரபணுக்கள். அவை கண்காணிப்பது எஃபெக்டரை. கோதுமையின் எஸ்ஆர்35 புரதம் இதற்கு நல்ல உதாரணம். தண்டுத் துரு பூஞ்சையின் எஃபெக்டர் அதில் ஒட்டியதும், ஐந்து எஸ்ஆர்35 மூலக்கூறுகள் சக்கரம் போல ஒன்றுகூடி கால்சியம் பாயும் வாயிலாக மாறுகின்றன. 2022இல் அந்தச் சக்கரத்தின் வடிவம் தெளிவாகத் தெரிந்தது. கால்சியம் பாய்ந்ததும் அந்தச் செல் தானே செத்துப்போகும். உயிருள்ள செல்லை நம்பி வந்த பூஞ்சையும் அதோடு மாட்டிக்கொள்ளும். இலையில் நமக்குத் தெரிவது ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி மட்டுமே.

'மரபணுவுக்கு மரபணு' என்று சொல்கிறார்களே, அது என்ன கணக்கு?

நோய் எதிர்ப்பு மெண்டலின் விதிப்படி சந்ததிக்குப் போகிறது என்று 1905இலேயே ரோலண்ட் பிஃபன் கோதுமையின் மஞ்சள் துருவில் காட்டினார். 1940களில் ஹரால்ட் ஃபிளோர் ஆளி விதைச் செடியிலும் அதன் துருவிலும் வேலை செய்தபோது, செடியை மட்டுமல்லாமல் பூஞ்சையையும் கலப்பு செய்து பார்த்தார். செடியிலுள்ள ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் பூஞ்சையில் ஒரு ஜோடி மரபணு இருப்பது தெரிந்தது. இரண்டும் இருந்தால்தான் எதிர்ப்பு. ஏதாவது ஒன்று இல்லாவிட்டாலும் நோய் வரும்.

ஃபிளோருக்கு இந்த மரபணுக்கள் என்னவென்று தெரியாது. இன்று தெரியும்: செடியில் இருப்பது காவல் புரதம், பூஞ்சையில் இருப்பது அது கண்டுபிடிக்கும் எஃபெக்டர். நெல்லின் பி-டா மரபணுவும் குலை நோய்ப் பூஞ்சையின் ஏவிஆர்-பிடாவும் அப்படி ஒரு ஜோடி. பி-டா புரதம், அமினோ அமிலம் என்ற கண்ணிகள் 928 கோத்த சங்கிலி. அதில் 918ஆவது இடத்தில் அலனைன் இருந்தால் எதிர்ப்பு உண்டு, செரின் இருந்தால் இல்லை. ஒரு பயிரின் கதி ஓர் இடத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலத்தில் தொங்குவதை மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். தரவைக் கையில் கொடுத்தபின் அவர்கள் கேட்கும் கேள்வி இது:

தன்னைக் காட்டிக்கொடுக்கிற மரபணுவைப் பூஞ்சை ஏன் வைத்திருக்கிறது? தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானே?

தூக்கிப் போடவும்தான் செய்கிறது. ஏவிஆர்-பிடா குரோமோசோமின் கடைசி முனையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த முனைகள் எளிதில் உடையும், மாறும். மரபணு முழுசாகவே காணாமல் போன பூஞ்சைகள் உண்டு. எஸ்ஆர்35 கண்டுபிடிக்கும் எஃபெக்டரின் கதை வேறு. அந்த மரபணுவின் நடுவில் இடம் மாறித் திரியும் டிஎன்ஏ துண்டு ஒன்று செருகிக்கொண்டதால் அது செயலிழந்த துரு வகைகள் இருக்கின்றன. மரபணு கெட்டுப்போனதே பூஞ்சைக்கு லாபமாகிவிட்டது.

ஆனால் எஃபெக்டர் என்பது பூஞ்சையின் பிழைப்புக்கான கருவியும்கூட. சிலவற்றை இழந்தால் வீரியம் குறையும். காவல் புரதம் கண்காணிப்பது அப்படிப்பட்ட, இழக்க முடியாத கருவியாக இருந்தால் எதிர்ப்பு நீடிக்க வாய்ப்பு அதிகம். அதனால் புது மரபணு கிடைத்தது என்று யாராவது சொன்னால், அது பூஞ்சையில் எதைப் பார்க்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி.

புது ரகம் வந்து சில வருடத்திலேயே நோய் வந்துவிடுகிறதே. விதை கெட்டுப்போச்சா?

விதை அப்படியேதான் இருக்கிறது, பூஞ்சைதான் மாறிவிட்டது. ஒரே எதிர்ப்பு மரபணுவைப் பரந்த நிலப்பரப்பில் போட்டால், அதற்குப் பிடிபடாத ஒரே ஒரு வித்து போதும், அத்தனை நிலமும் அதற்குத்தான்.

எஸ்ஆர்31 மரபணுவின் கதை இதுதான். கம்பு போன்ற குளிர்நாட்டுத் தானியமான ரையிலிருந்து ஒரு குரோமோசோம் துண்டோடு கோதுமைக்கு வந்தது. பல நாடுகளின் ரகங்களில் ஏறி, பத்தாண்டுக் கணக்கில் தண்டுத் துருவைத் தடுத்தது. 1998இல் உகாண்டாவில் அதை மீறிய துரு தென்பட்டது. அடுத்த ஆண்டு அதற்கு யுஜி99 என்று பெயர் வைத்தார்கள். பிறகு கென்யா, எத்தியோப்பியா, சூடான், ஏமன், ஈரான் என்று காற்றோடு நகர்ந்தது. உலகம் முழுவதும் ஒரே பூட்டைப் போட்டு வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆண் பெண் சேர்க்கை இல்லாத இடத்திலும் புது வகை துரு வருகிறதே, எப்படி?

தண்டுத் துருவின் பாலினச் சேர்க்கை கோதுமையில் நடப்பதில்லை. அது பார்பெர்ரி என்ற புதரில் நடக்கிறது. 1865இல் டி பாரி என்ற தாவரவியலாளர் இதை நிரூபித்தார். அமெரிக்காவில் 1918இல் பார்பெர்ரி ஒழிப்பு இயக்கமே தொடங்கினார்கள். புதர் இல்லாத இடத்திலும் தற்செயல் மாற்றங்கள் நடக்கத்தான் செய்யும்: வித்துகளின் எண்ணிக்கை அவ்வளவு பெரிது.

இன்னொரு வழி 2019இல் உறுதியானது, அது என்னை உலுக்கிவிட்டது. துரு பூஞ்சையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு உட்கருக்கள் ஒன்றுசேராமல் தனித்தனியாக இருக்கும். யுஜி99இன் இரண்டு உட்கருக்களில் ஒன்று, ஆஸ்திரேலியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்த பழைய துரு வகை ஒன்றின் உட்கருவோடு கிட்டத்தட்ட அச்சு அசலாகப் பொருந்தியது. அதாவது இரண்டு துரு இழைகள் எங்கோ ஒரு செடியில் உரசி, முழு உட்கருவையே மாற்றிக்கொண்டிருக்கின்றன. புதரும் தேவைப்படவில்லை, சேர்க்கையும் தேவைப்படவில்லை.

அப்போ நிலையான எதிர்ப்பே கிடையாதா?

உண்டு. அவை வேறு வகை மரபணுக்கள். கோதுமையின் எல்ஆர்34 ஏறக்குறைய நூறு வருடமாகப் பயிரில் இருக்கிறது. இலைத் துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் மூன்றையும் மெதுவாக்குகிறது. 2009இல் பிரித்தெடுத்தபோது அது காவல் புரதமே இல்லை, பொருள்களைக் கடத்தும் புரதம் என்று தெரிந்தது. எல்ஆர்67ம் அப்படித்தான், அது சர்க்கரை கடத்தி. இவை பூஞ்சையை அடையாளம் காண்பதில்லை, அதனால் வேஷம் மாற்றி ஏமாற்ற வழியில்லை. ஆனால் முழுத் தடுப்பும் கிடைக்காது. நோய் வரும், தாமதமாக, குறைவாக வரும். வயலில் கொஞ்சம் துருவைப் பார்த்ததும் ரகம் சரியில்லை என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இன்னொன்று வாற்கோதுமையின் எம்எல்ஓ. இங்கே எதிர்ப்பு வருவது மரபணு கெட்டுப்போவதால். சாம்பல் நோய்ப் பூஞ்சை உள்ளே நுழைய அந்த மரபணு வேலை செய்தாக வேண்டும். 1942இல் எக்ஸ் கதிர் பாய்ச்சிய செடியில் கிடைத்த இந்த எதிர்ப்பு, 1979இலிருந்து ஐரோப்பிய ரகங்களில் இருக்கிறது. சாம்பல் நோய் இன்னும் அதை உடைக்கவில்லை. ஆனால் இலவசமில்லை: இலையில் தானாகவே புள்ளிகள் விழலாம், விளைச்சல் சற்றுக் குறையலாம், குலை நோய்ப் பூஞ்சைக்கு அதே செடி இன்னும் எளிதாக இடம் கொடுக்கிறது.

எதிர்ப்பு மரபணுவே செடிக்கு வினையாக முடியுமா?

முடியும். செல்லைக் கொன்று தின்னும் பூஞ்சைகளை முன்பே சொன்னேன். செல் தானே சாவது துருவுக்குத் தோல்வி, இவற்றுக்கு விருந்து.

1940களில் அமெரிக்காவில் ஓட்ஸ் பயிரில் கிரீடத் துருவைத் தடுக்க விக்டோரியா என்ற ரகத்தின் எதிர்ப்பைப் பரவலாகச் சேர்த்தார்கள். கொஞ்ச வருடத்தில் அந்த ரகங்களை மட்டும் தேடித் தாக்கும் புது கருகல் நோய் வந்தது. துருவை எதிர்க்கும் குணத்தையும் கருகலுக்கு இரையாகும் குணத்தையும் பிரிக்க எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. அந்தப் பூஞ்சை விக்டோரின் என்ற நஞ்சைச் சுரந்து, செடியின் சொந்தக் காவல் அமைப்பையே தட்டி எழுப்பித் தற்கொலை செய்யவைக்கிறது. கோதுமையின் டிஎஸ்என்1 மரபணுவும் இதே ரகம்: பார்க்க எதிர்ப்பு மரபணு போலவே இருக்கும், டாக்ஸ்-ஏ என்ற பூஞ்சைப் புரதத்துக்குக் கதவைத் திறந்துவிடும். அதை ரகத்திலிருந்து நீக்குவதுதான் இங்கே வைத்தியம்.

1970இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் வந்த இலைக்கருகலைப் பலர் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். அது சற்று வேறு. கலப்பின விதை எளிதாக உண்டாக்க, ஆண் மலட்டுத்தன்மை கொண்ட டெக்சாஸ் வகை சைட்டோபிளாசத்தை (செல்லில் உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதி) ஏறக்குறைய 85 சதவீத நிலத்தில் பயன்படுத்தியிருந்தார்கள். மலட்டுத்தன்மை தந்த அதே மைட்டோகாண்ட்ரியப் புரதத்தில்தான் பூஞ்சையின் நஞ்சும் வந்து ஒட்டியது. அந்த வருட விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போனது.

ஒரு பூஞ்சையின் மரபணு இன்னொரு பூஞ்சைக்குத் தாவுமா?

தாவும். மேலே சொன்ன டாக்ஸ்-ஏ மரபணு கோதுமையைத் தாக்கும் இரண்டு வேறு பூஞ்சைகளில் கிட்டத்தட்ட ஒரே எழுத்து வரிசையில் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அது நேரடியாகப் போயிருப்பது 2006இல் தெரிந்தது. கோதுமையில் பெரிதாகப் பொருட்படுத்தப்படாத ஒரு பூஞ்சை, அந்த ஒரு மரபணு கிடைத்ததும் கடும் இலைப்புள்ளி நோயாகிவிட்டது.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. கதிர்க்கருகல் நோயில் ஃபுசேரியம் பூஞ்சை டியாக்ஸிநிவலெனால் என்ற நஞ்சைத் தானியத்திலேயே விட்டுவிடும். அதைச் சாப்பிட்டால் மனிதருக்கும் கால்நடைக்கும் கெடுதல். தினோபைரம் என்ற காட்டுப் புல்லில் அந்த நஞ்சை முறிக்கும் எஃப்எச்பி7 என்ற மரபணு இருக்கிறது. 2020இல் அதன் வம்சாவளியைத் தேடியபோது, புற்களுக்குள் தீங்கு செய்யாமல் வாழும் எபிக்ளோயே என்ற பூஞ்சையிலிருந்து அது புல்லுக்கு வந்திருப்பது தெரிந்தது. பூஞ்சையிடம் வாங்கிய மரபணுவால் பூஞ்சையின் நஞ்சை ஒரு புல் முறித்துக்கொண்டிருக்கிறது!

குலை நோய் நெல்லுக்குத்தானே வரும், கோதுமைக்கு எப்படி வந்தது?

கோதுமையில் குலை நோய் முதலில் 1985இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் தென்பட்டது. அது நெற்பயிரிலிருந்து நேராக வந்ததில்லை. புற்களில் இருந்த அதே இனப் பூஞ்சையோடுதான் நெருங்கிய உறவு. கோதுமையின் ஆர்டபிள்யூடி3 மரபணு, பிடபிள்யூடி3 என்ற எஃபெக்டரைக் கண்டுபிடித்து அந்தப் பூஞ்சையைத் தடுத்துக்கொண்டிருந்தது. அந்த மரபணு இல்லாத ரகங்கள் அங்கே பரவலாகப் பயிரானதும் பூஞ்சைக்குக் கால் வைக்க இடம் கிடைத்தது. பிறகு எஃபெக்டரையும் அது இழந்து, காவல் உள்ள ரகங்களுக்குள்ளும் புகுந்தது. இருக்கும் காவலே நமக்குத் தெரியாததால், அது இல்லாத ரகத்தைத் தெரியாமலே பரப்பிவிட்டோம்.

2016இல் அது வங்காளதேசம் போய்ச் சேர்ந்தது. நோய் தாக்கிய வயல் மாதிரிகளின் மரபணு வரிசையை ஆய்வாளர்கள் உடனே எல்லோருக்கும் திறந்துவிட்டதால், தென் அமெரிக்க வகைதான் என்று சில வாரங்களில் தெரிந்துவிட்டது.

மருந்து அடித்தால் போதாதா?

மருந்துக்கும் இதே விதிதான். ஸ்ட்ரோபிலுரின் வகை மருந்துகள் பூஞ்சையின் சைட்டோகுரோம் பி புரதத்தை அடைக்கின்றன. அதன் 143ஆவது இடத்தில் கிளைசின் அலனைனாக மாறினால் மருந்து பலிக்காது. 1996இல் மருந்து வந்தது, 1998இலேயே கோதுமையின் சாம்பல் நோய் அதை மீறிவிட்டது.

ஆனால் துருவில் இந்த மாற்றம் வரவில்லை. அங்கே 143ஆவது குறியீட்டை ஒட்டி வெட்டி நீக்கப்பட வேண்டிய ஒரு டிஎன்ஏ துண்டு இருக்கிறது. எழுத்து மாறினால் வெட்டுவது தவறிப்போய், பூஞ்சையே செத்துவிடும்.

கிறிஸ்பர் வந்துவிட்டதே, இனி பிரச்சினை இருக்காதா?

மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் இந்தக் கருவி அருமையானது. கோதுமையில் ஒவ்வொரு மரபணுவும் மூன்று இணைப் பிரதிகளாக இருப்பதால், எம்எல்ஓவை இயற்கை மாற்றத்துக்குக் காத்திருந்து முடக்குவது நடக்காத காரியம். 2014இல் மரபணுத் திருத்தம் மூன்றையும் ஒன்றாக முடக்கியது. 2022இல் விளைச்சல் குறையாத வகை ஒன்றும் வந்தது. எஃபெக்டரைப் பிடிக்கும் காவல் புரதத்தில் வேறு கொக்கியைப் பொருத்தி, நாம் சொல்கிறதைப் பிடிக்கவைக்கும் முயற்சியும் 2023இல் பலித்தது.

ஆனால் புதிதாகச் செய்த ஒற்றைக் காவலாளியும் ஒற்றைக் காவலாளிதான். அதனால் எனக்கு நம்பிக்கை தருவது மரபணுக்களை அடுக்குவது. தண்டுத் துருவுக்கு எதிராக ஐந்து மரபணுக்களை ஒரே தொகுப்பாகக் கோதுமையில் வைத்து 2021இல் காட்டினார்கள். ஐந்தையும் ஒரே நேரத்தில் மீறுவது பூஞ்சைக்கு மிகக் கடினம். சந்ததியிலும் அவை பிரியாமல் சேர்ந்தே போகும். அந்த ஐந்தில் ஒன்றை எடுத்து வேறு ரகத்தில் தனியாக வெளியிட்டுவிட்டால் மட்டும் பூஞ்சைக்குப் பயிற்சிக் களம் கிடைத்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆய்வகம் எதுவும் இல்லாமல் இந்த அறிவைப் பயன்படுத்த முடியாதா?

முடியும். சீனாவின் யுனானில் குலை நோய்க்கு எளிதில் இரையாகும் பசை நெல்லை, எதிர்ப்புள்ள கலப்பின நெல்லுக்கு நடுவே வரிசையாக நட்டார்கள். 2000இல் வெளியான முடிவின்படி, பசை நெல்லைத் தனியாகப் பயிரிட்டதோடு ஒப்பிடும்போது அதில் குலை நோய் 94 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 89 சதவீதம் கூடியது. பக்கத்துச் செடியின் காவல் வேறு என்பதால் வித்து போய் விழுகிற இடமெல்லாம் அதற்கு ஒத்துவருவதில்லை.

டிஎன்ஏ சோதனையில் எதிர்ப்பு மரபணு இருக்கு என்று வந்தது. ஆனாலும் நோய் வந்துவிட்டது. சோதனை பொய்யா?

பெரும்பாலும் பொய் இல்லை. முதலில் எதைச் சோதித்தார்கள் என்று பாருங்கள். மரபணுவுக்குப் பக்கத்திலுள்ள ஓர் அடையாளத்தைச் சோதித்திருந்தால், கலப்பின்போது அடையாளம் வந்து மரபணு பிரிந்து போயிருக்கலாம். பி-டாவில் சொன்னது போல ஓர் எழுத்து வித்தியாசமும் இருக்கலாம். சில மரபணுக்கள் துணை இல்லாமல் வேலை செய்யாது: நெல்லின் பிஐகே எதிர்ப்புக்கு அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மரபணுக்கள் தேவை. எல்ஆர்34 போன்றவை நாற்றில் சோதித்தால் இல்லாதது போலவே தோன்றும், வளர்ந்த செடியில்தான் பலன் தெரியும். கோதுமையின் ஒய்ஆர்36க்கு வெப்பமும் வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், உங்கள் வயலில் இருக்கும் பூஞ்சையில் அதன் ஜோடி எஃபெக்டர் இல்லை என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ள இலையைக் கையில் எடுங்கள். பழுப்பு ஊசிப்புள்ளிகள் மட்டும் இருந்தால் காவல் வேலை செய்திருக்கிறது. இரு முனையும் கூர்த்து, நடுவில் சாம்பல் நிறத்தோடு கண் வடிவப் புண் விரிந்திருந்தால், அது உள்ளே குடியேறிவிட்ட குலை நோய். அந்தப் புண்ணுள்ள இலையை ஈரம் இல்லாமல் காகித உறையில் போட்டு, தேதியும் ரகமும் எழுதிப் பூஞ்சை வகையைச் சோதிக்கக் கொடுங்கள். செடியின் டிஎன்ஏவை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி விடைதான் கிடைக்கும்.